சம்பூர்ணத்தின் தலைமாடு

தாவீது என்ற பெயரைக் கேட்டதும் கவண்கல்லும் ராட்சசனும் ஞாபகத்துக்கு வந்தால் அதை உடனே மறந்துவிடலாம். நம்முடைய தாவீது கொசுவைக்கூட விரட்டுவாரே தவிர அடிக்கமாட்டார். வயது ஐம்பத்துநாலு. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஆறு பேர் வேலை செய்கிற ஒரு சின்ன ஆபீஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றைச் செல்போனில் பார்க்கிற மாதிரி தயார் செய்கிறார்கள். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பொருள், அது எங்கிருந்து வந்தது என்கிற கதை, ஒரு உதாரண வாக்கியம். இந்த மூன்றையும் எழுதுவதுதான் தாவீதின் வேலை. கீழே கல்யாணக் கூட்டம் புடவையைப் பிரித்துப் போட்டு முந்தானையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலே இவர் ஏதாவது ஒரு சொல்லைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய அப்பா ஏனாத்தூரில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகன் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. பட்டம் வாங்கியபோது, "இங்கிலீசு படிச்சா இங்கிலீசுக்காரன் நெலம் குடுப்பானா?" என்று கேட்டார். நிலம் கிடைக்கவில்லை. ஒரு பிரஸ்ஸில் இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துகிற வேலைதான் கிடைத்தது. மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து தப்பினால் இரண்டு குடும்பமும் வந்து சண்டை போடுகிற வேலை. அதைப் பார்த்துப் பழகியவருக்கு அகராதி வேலை சொர்க்கம் மாதிரி இருந்தது. சொற்களின் சொந்தக்காரர் யாரும் மாடி ஏறி வந்து சண்டை போடுவதில்லை.

சொற்களைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள். சமையலறைக் கட்டு, நோய்க் கட்டு, உறவுமுறைக் கட்டு. செப்டம்பரில் திசைகள் வந்தன. கிழக்கையும் மேற்கையும் முடித்து, தெற்கையும் முடித்துக் கொடுத்த மறுநாள், ஒரு புதன்கிழமை, அவருடைய மனைவி சம்பூர்ணம் செத்துப்போனாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் அவளுடைய வேலை. பருப்பைத் தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியை மேடைமேல் வைத்துவிட்டு, "கொஞ்சம் ஒக்காந்துக்கறேன்" என்று உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொன்பது வயசு.

பத்து நாள் கழித்து தாவீது ஆபீசுக்கு வந்தார். வேலையைப் பிரித்துக் கொடுக்கிற காயத்ரிக்கு அவருடைய மகள் வயசுதான் கூடக்குறைய இருக்கும். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், நார்த் மட்டும் பாக்கி இருக்கு. முப்பத்தோரு வார்த்தை. வேணாம்னா வேற யாருக்காவது குடுத்துடறேன்."

"குடும்மா. இன்னா இருக்குது அதுல," என்றார்.

உண்மையிலேயே அவருக்குள் ஒன்றும் இல்லை. சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்த கால் மாதிரி மனசு மரத்துப்போயிருந்தது. அடக்கத்தன்று அழவில்லை, அப்புறமும் அழவில்லை. பார்த்தவர்கள் "பாவம், உள்ளுக்குள்ளயே வெச்சிக்கினு இருக்காரு" என்றார்கள். இவர் உள்ளே தேடிப் பார்த்தார். அங்கே வைத்துக்கொள்ள எதுவும் அகப்படவில்லை. அதற்காக வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வராத மனுஷனும் ஒரு மனுஷனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கேள்வியும் மரத்துப்போய்தான் இருந்தது.

அவர்கள் இரண்டு பேரும் படுத்துத் தூங்கிய விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. வாடகை வீட்டில் படுக்கிற அறைக்கு அகலம் ஏழடி. பாயை வடக்குத் தெற்காகத்தான் போட முடியும். தாவீதுக்கு வடக்குச் சுவரில் படிக்கிற விளக்கு, அங்கேதான் தலையணை. சம்பூர்ணத்துக்கோ, வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே என்று சொல்லி வளர்த்த வீடு. கல்யாணத்தை ஒட்டி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டவள்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவாள். ஆடி மாசம் அண்ணன் வீட்டுத் தெருவில் கூழ் ஊற்றினால் அங்கேயும் போய் முதல் ஆளாக நிற்பாள். கேட்டால், "ரெண்டு எடத்துலயும் எனக்கு ஆள் தெரியும்" என்பாள்.

கல்யாணமான முதல் வாரமே சண்டை.

"வேதத்துல எங்க இருக்குது வடக்கப் பத்தி? காட்டு பாக்கலாம்," என்றார் தாவீது.

"வேதம் எழுதனவங்க எந்தப் பக்கம் படுத்தாங்களோ எனக்குத் தெரியாது. வடக்க தல வெச்சா எனக்குத் தூக்கம் வராது. அவ்ளோதான்."

விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. ஒரே பாயில் இவர் வடக்கே தலை வைத்தார், அவள் தெற்கே தலை வைத்தாள். இவருடைய தலைமாடு அவளுக்குக் கால்மாடு. இதற்கு நடுவில் பிறந்த மகள் சிம்ரன் கொஞ்சகாலம் எந்தக் கட்சியிலும் சேராமல் குறுக்கே கிடந்தாள். காலையில் சம்பூர்ணம் முதலில் விழிப்பாள். கண்ணைத் திறந்தால் எதிரே புருஷனின் பாதம். கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழு இழுத்து, "எழுந்திரிங்க, பால்காரரு வந்துட்டாரு" என்பாள். இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷன் கால் கட்டைவிரல் வழியாகத்தான் உலகத்துக்கு எழுந்துவந்தார்.

இப்போது கட்டைவிரலை யாரும் இழுப்பதில்லை. செல்போன் அலாரம் அடித்தது, எழுந்தார், ஆபீசுக்குப் போனார்.

முதல் சொல்லே தகராறு செய்தது. நார்த். மூலம் உறுதியாகத் தெரியாத சொல். அறிஞர்களில் ஒரு சாரார், இடது என்றும் கீழே என்றும் பொருள்படுகிற மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்து நின்று கும்பிட்டவர்களுக்கு இடக்கைப் பக்கம் இருந்த திசை. அப்படியானால் திசை என்பது மண்ணில் இல்லை, நிற்கிற ஆளின் உடம்பில் இருக்கிறது. யாராவது ஒருத்தர் ஓரிடத்தில் போய் நின்றால்தான் வடக்கு உண்டாகும். வேறு நாளாக இருந்தால் தாவீது இதற்கே ஒரு டீ வாங்கிக் குடித்திருப்பார். இப்போது எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார்.

நார்வே: வடக்கே போகிற பாதை. நார்மன்: வடக்கத்தி ஆள். வெள்ளைக்காரனுக்கும் ஒரு வடக்கத்தியான் இருந்து அவனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறான் என்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆர்க்டிக்: கிரேக்க மொழியில் கரடி. அங்கே இருக்கிற பனிக்கரடியைச் சொன்னதல்ல. வடக்கு வானத்தில் தெரிகிற கரடி என்கிற நட்சத்திரக் கூட்டத்தைச் சொன்னது. செப்டென்ட்ரியனல்: வடக்கைச் சேர்ந்த. லத்தீனில் ஏழு உழவுமாடுகள். நாம் ஏழு ரிஷிகளைப் பார்க்கிற அதே ஏழு நட்சத்திரத்தில் ரோமாபுரிக்காரன் ஏழு மாட்டைப் பார்த்திருக்கிறான். தாவீதின் அப்பா உயிரோடு இருந்தால் யோசிக்காமல் ரோமாபுரிக்காரன் பக்கம் சேர்ந்திருப்பார்.

போரியல் என்பதற்கு மூலம் வடகாற்றின் கிரேக்க தெய்வம். நம்முடைய வாடைக்கு அவர்கள் ரெக்கையும் தாடியும் வைத்து ஒரு பெயரும் கொடுத்திருந்தார்கள். அடுத்தது ஹைப்பர்போரியன்: வாடை பிறக்கிற இடத்துக்கும் அப்பால் வாழ்வதாகக் கிரேக்கர்கள் நம்பிய ஒரு ஜனம், நோயும் மூப்பும் அறியாதவர்கள். அந்த வரியை அடித்து முடித்த பிறகு தாவீது கொஞ்சநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தார். தோன்றவில்லை. உதாரண வாக்கியமாக "ஹைப்பர்போரியன் காற்று வீசியது" என்று போட்டார்.

மறுநாள் காயத்ரி சரிபார்த்துவிட்டு அவருடைய மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா உதாரண வாக்கியம் எல்லாத்துலயும் காத்து வீசுது, பஸ் போகுது, பறவை பறக்குது. ஒரு மனுஷர்கூட இல்ல சார்."

"அப்படியா?" என்றார் தாவீது. ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"பசங்களுக்குப் போரடிக்கும் சார். ஒண்ணு ரெண்டுல யாராவது வரட்டும்."

யோசித்தார். யாரும் வரவில்லை. நார்தீஸ்டர் என்கிற சொல் மிச்சம் இருந்தது, வடகிழக்கிலிருந்து அடிக்கிற புயல்காற்று. அதற்கு வாக்கியம் எழுதுவதற்குள் வெளியே நிஜமாகவே வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டது. மூன்று நாள் விடாமல் ஊற்றியது. காந்தி ரோட்டில் முழங்கால் தண்ணீர்.

அந்த மழைதான் வினை வைத்தது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊரில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பமெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, மண்ணைச் சுத்தம் செய்து, சாமந்திப்பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றும். அதற்குள் சம்பூர்ணத்துக்குச் சிலுவைக்கல் நட்டுவிட வேண்டும் என்று தாவீது கருங்கல்லில் சொல்லி வைத்திருந்தார். சனிக்கிழமை கொத்தனார் வருவதாக ஏற்பாடு. இடத்தைக் காட்டிக் கொடுக்க வியாழக்கிழமை காலை, மழை விட்ட நேரமாகப் பார்த்துப் போனார். கூட அவளுடைய அண்ணன் முனுசாமியும் வந்தார். முனுசாமி ஆட்டோ ஓட்டுகிறவர், நெற்றியில் எப்போதும் விபூதி, தங்கச்சியைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர்.

போய்ப் பார்த்தால் மேடு கரைந்து தரையோடு தரையாகக் கிடந்தது. அடக்கத்துக்கு மறுநாள் நட்டிருந்த மரச்சிலுவையை யாரோ எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார்கள்.

அந்தத் தோட்டத்தில் பழைய கல்லறைகள் எல்லாம் முறைப்படி இருக்கும்: தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் எழுந்திருக்கும்போது உதிக்கிற திசையைப் பார்த்து எழவேண்டும் என்று ஐதீகம். இடம் நெருக்கடியான பிறகு, மூன்று வருஷமாக, வடக்குச் சுவரை ஒட்டி ஒரு புது வரிசை. அங்கே குழி வடக்குத் தெற்காகத்தான் வெட்ட முடியும். சிலுவைகள் எல்லாம் சுவரோரமாக, ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அந்தோணி அதே வழக்கப்படி சுவரோரமாக ஒரு குச்சியை நட்டு, "இங்க சார்" என்றார்.

முனுசாமி குச்சியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். சூரியன் மேகத்துக்குப் பின்னால் கிழக்கே மங்கலாகத் தெரிந்தது. கையை நீட்டிக் கணக்குப் பண்ணினார்.

"இது வடக்குல்ல?"

"ஆமாங்க," என்றார் அந்தோணி. "இந்த வரிசைல எல்லாருக்கும் செவுத்துப் பக்கந்தான் தல."

"எந்தங்கச்சி தலைய வடக்கயா வெச்சீங்க?" என்றார் முனுசாமி. அந்தோணியை விட்டுவிட்டு தாவீதின் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ சொல்லு. வடக்கயா வெச்சீங்க? பொறந்ததுலேர்ந்து ஒருநாள் அப்படிப் படுத்தவ இல்லியேய்யா அவ."

தாவீது குச்சியைப் பார்த்தார். வடக்கே வைத்தோமா, தெற்கே வைத்தோமா? அவருக்குத் தெரியவில்லை. பெட்டி இறங்கிய இடத்தில் அவர் நின்றார், அது தெரியும். மூன்று பிடி மண் போட்டார், அதுவும் தெரியும். எந்தப் பக்கம் நின்று போட்டார்? விழுந்த மண் அவளுடைய முகத்துக்கு நேராக விழுந்ததா, காலுக்கு நேராக விழுந்ததா? நினைவைத் துழாவினால் ஈரமண் வாசனையும், யாரோ இவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்த அழுத்தமும் மட்டும் இருந்தன. மற்றதெல்லாம் வெள்ளைத்தாள்.

"நீ அங்கதானே இருந்தே மச்சான்?" என்று திருப்பிக் கேட்டார்.

"எனக்குத் தல சுத்திடிச்சின்னு கேட்டாண்ட ஒக்கார வெச்சி சோடா குடுத்துக்கினு இருந்தாங்கய்யா. நான் எங்க பாத்தேன்?"

அந்தோணியிடம் கேட்டால் அவரும் பார்க்கவில்லை. குழி வெட்டுகிறவர் ஜெபம் முடிகிறவரை பக்கத்தில் நிற்கக்கூடாது, மண்வெட்டி குடும்பத்தார் கண்ணில் படக்கூடாது என்பது அவர் கடைப்பிடிக்கிற மரியாதை. எப்போதும் போல மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் பீடி பிடித்துவிட்டு, எல்லோரும் கலைந்த பிறகு வந்து மண்ணைத் தள்ளினார். அதற்குள் பெட்டிமேல் பூவும் மண்ணும் மூடியிருந்தது. மரச்சிலுவையைப் பழக்கதோஷத்தில் சுவரோரம் நட்டார்.

"வரிசப்படி தான் சார் இருக்கும். சும்மா மனச ஒழப்பிக்காதீங்க," என்றார்.

முனுசாமி போய் ஆட்டோவைக் கிளப்பினார். திரும்புகிற வழியில், "கால்மாட்டுல சிலுவைய நட்டு, அதுல அவ பேர எழுதி, அங்க போயி பூ வெப்பீங்க. பண்ணுங்க," என்றார்.

வார்த்தை தைத்தது என்று சொல்லமுடியாது. தைப்பதற்கு உள்ளே உணர்வு வேண்டும். ஆனாலும் அன்றிலிருந்து தாவீதுக்கு ஒரே கேள்வி. வேறு யாருக்கும் வரக்கூடாத கேள்வி. புதைத்த மனைவியின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எந்தப் புருஷன் போய் ஊரில் விசாரிப்பான்? இவர் விசாரித்தார். பாஸ்டர் ஐயாவுக்குப் போன் போட்டார். அந்த வாரம் மட்டும் ஏழு அடக்கம் நடத்தியவர் அவர். "வரிசைப்படிதான் இருக்கும் பிரதர்," என்றார். பெட்டி தூக்கிய நால்வரில் இரண்டு பேர் சுவர்ப் பக்கம் என்றார்கள், ஒருத்தர் ஏதோ திருப்பினோம் என்றார், இன்னொருத்தர் அன்றைக்குக் குடித்திருந்ததாக ஒப்புக்கொண்டார். காயத்ரி பெண்கள் கூட்டத்தோடு தள்ளி நின்றிருந்தாள். சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிற சிம்ரனுக்குப் போன் போட்டபோது அவள், "நான் கண்ண மூடி, காதையும் பொத்திக்கினு இருந்தேம்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை வெயில் வந்தது. தாவீது ஆபீசுக்குப் போகிற வழியில் கல்லறைத் தோட்டத்தில் இறங்கி, சம்பூர்ணத்தின் இடத்துக்குப் பக்கத்தில், தான் எழுதிய பொருளின்படியே, உதிக்கிற சூரியனைப் பார்த்து நின்றார். இடக்கையை நீட்டினார். சுவர். சந்தேகமே இல்லை, அது வடக்கு. முப்பது சொல்லுக்கு மூலம் கண்டுபிடித்தவருக்கு, காலடியில் ஆறடி ஆழத்தில் இருக்கிற தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அங்கே ஈரத்தில் பத்து நிமிஷம் நின்றார். பார்த்தவர்கள் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு வழி இருந்தது. அது அவருக்கு முதல் நாளே தெரியும்.

முனுசாமியின் மகன் கமல் அன்றைக்கு அடக்கத்தைச் செல்போனில் வீடியோ எடுத்தான். குவைத்தில் வீட்டுவேலை செய்கிற கடைசித் தங்கச்சி துர்காதேவி வரமுடியவில்லை, அவளுக்கு அனுப்புவதற்காக. அதே வீடியோவை தாவீதுக்கும் அனுப்பியிருந்தான். கேட்டதற்கு, "எல்லாம் அதுல இருக்குது மாமா, நீங்களே பாருங்க" என்றான்; முனுசாமிக்கோ அதைப் பார்க்கிற தைரியம் இல்லை. ஐந்து வாரமாக அது வாட்ஸப்பில், இறக்கப்படாமல், புகைமூட்டமான ஒரு சதுரமாக, நடுவில் ஒரு அம்புக்குறியோடு கிடந்தது. போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்தபோதெல்லாம் குட்மார்னிங் படங்களையும், சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் படங்களையும், பாஸ்டர் அனுப்பிய வசனங்களையும்கூட அழித்தார். இதை அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. பயமா என்று கேட்டால் பயம்தான். அழுகை வந்துவிடும் என்கிற பயம் இல்லை. பார்த்த பிறகும் ஒன்றும் வராமல் போனால் என்ன செய்வது என்கிற பயம்.

சனிக்கிழமை காலை சிம்ரன் வந்தாள். பையை வைத்துவிட்டு, அறையில் ஒரே தலையணையோடு கிடந்த பாயைப் பார்த்துவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கொத்தனார் எத்தன மணிக்கு வராருப்பா?"

"மூணு மணிக்கு."

"வீடியோ இருக்குதில்ல?"

"இருக்குது."

"நானும் பாக்கல," என்றாள். "சேந்து பாக்கலாமா?"

அவள்தான் அம்புக்குறியை அழுத்தினாள். வட்டம் மெதுவாகச் சுற்றியது. வெளியே மறுபடியும் தூறல். படம் வந்தது. முதலில் செருப்புக்கால்கள், மண்மேடு, பிறகு சுவர். படம் ஆடிக்கொண்டே இருந்தது. கமலின் மூச்சு பெரிதாகக் கேட்டது. ஜெபம். பாட்டு. பெட்டிக்கு அடியில் கயிறு கொடுத்து நாலு பேர் தூக்கினார்கள். பெட்டியின் தலைப்பக்கம் ஒட்டியிருந்த அவளுடைய போட்டோ சுவர்ப் பக்கமாகப் போனது. சிம்ரன் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"நில்லுங்க. நில்லுங்கப்பா."

கூட்டத்திலிருந்து ஒரு ஆள் முன்னால் வந்தார். சட்டை பாதி வெளியே வந்திருந்தது. முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை உதறிவிட்டு வந்தார். அந்த ஆளை தாவீது யாரோ மாதிரிப் பார்த்தார். பிறகுதான் அது தான் என்று தெரிந்தது.

"திருப்புங்க. தல தெக்கால வரணும்."

யாரோ ஒரு பெரியவர், "வரிச செவுத்துப் பக்கம்பா..." என்று ஆரம்பித்தார்.

"வரிச கெடக்குது," என்றார் வீடியோவில் இருந்த தாவீது. குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை. கடையில் உப்புப் புளி கேட்கிற குரல். "வடக்க தல வெச்சா அவ தூங்கமாட்டா. இருவத்தாறு வருஷமா பாக்கறேன்."

பாஸ்டர் தலையசைத்தார். பெட்டியைத் தரையில் வைத்து, சுற்றித் திருப்பினார்கள். மாலை ஒன்று கழன்று விழுந்தது. தலைப்பக்கக் கயிற்றை ஒருவரிடமிருந்து வாங்கிக்கொண்டு அந்த ஆளே இறக்கினார். "மெதுவாப்பா, மெதுவா," என்று எதிரே இருந்தவரிடம் சொன்னார். பெட்டி கீழே உட்கார்ந்ததும் குந்தி, குனிந்து பார்த்து, "ஆச்சு" என்றார். முதல் பிடி மண்ணைக் கால்பக்கமாகத் தள்ளிப் போட்டார். முகத்துக்கு நேராகப் போடாமல் கையை ஒதுக்கிப் போட்டதைப் படத்தில் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

வீடியோ நின்றது. சிம்ரன் அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீ பேசனது உனக்கு ஞாபகமே இல்லியாப்பா?"

"இல்லம்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

ஊரெல்லாம் போய்க் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய ஆள் அவரேதான். மனசு மரத்துப்போயிருந்த, வீடியோவில் ஓடிய அந்த ஒன்பது நிமிஷமும் அவருடைய கையும் வாயும் மட்டும் அவளுக்காக வேலை செய்திருக்கின்றன. இவருக்குச் சொல்லாமலே செய்திருக்கின்றன. அழுகை இப்போதும் வரவில்லை. ஆனால் ஐந்து வாரமாக இல்லாத ஒன்று வந்தது. பசித்தது.

"எதனா இருக்குதாம்மா சாப்பிட?" என்றார். சிம்ரன் எழுந்து போய் முட்டை பொரித்தாள். மூன்று முட்டை தின்றார்.

சாப்பிட்டுவிட்டு முனுசாமிக்குப் போன் போட்டு, "தெக்கதான் மச்சான்" என்றார். அந்தப் பக்கம் ஆட்டோ ஓரம்கட்டி நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி மாப்ள. சாப்ட்டியா?" என்றார் முனுசாமி.

அதன் பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, நார்த் என்கிற முதல் சொல்லுக்குப் போய், பஸ் போன வாக்கியத்தை அழித்தார். அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரியும், அதன் கீழே தமிழில் ஒரு வரியும் எழுதினார்: "அவள் ஒருநாளும் வடக்கே தலை வைத்துப் படுத்ததில்லை." காயத்ரிக்கு அனுப்பிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மூன்று மணிக்குக் கொத்தனார் சிமெண்டைக் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தோணி சுவரோரமாக ஏற்கெனவே பள்ளம் எடுத்திருந்தார். தாவீது அந்தப் பள்ளத்தைத் தாண்டி, வழியோரமாக, எதிர்ப்பக்கத்தில் போய் நின்று, "இங்க" என்றார்.

"சார், வரிச கெட்டுடும்," என்றார் அந்தோணி. "கமிட்டில கேப்பாங்க. எல்லாரும் அந்தாண்ட இருக்க, இவங்க மட்டும் தனியா இந்தாண்ட நிப்பாங்க."

"நிக்கட்டும்."

கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கருங்கல் சிலுவை தரையில் மல்லாந்து கிடந்தது, அதில் சம்பூர்ணம் என்கிற பெயர் மழைத்தண்ணீரோடு பளபளத்தது.

"நல்லா யோசிச்சிக்கினு சொல்லுங்க சார். செட்டாயிடிச்சின்னா அப்புறம் எடுக்க முடியாது. தல இந்தப் பக்கந்தான்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியும்," என்றார் தாவீது. "நான்தாம்பா படுக்க வெச்சேன்."